மரத்தில் வெள்ளிக் கீறல் விழாது: சோவியத் போர்விமான மாடல்களை மெருகேற்ற ஒரு தொடக்கப் பாடம்

நான் முதலில் கட்டி முடித்த சோவியத் போர்விமானம் லா-5. பெயின்ட் காய்ந்ததும் மெல்லிய தூரிகையை வெள்ளிப் பெயின்ட்டில் தொட்டு, இறக்கை ஓரம், விமானி ஏறும் இடம், உடலின் பக்கவாட்டு என்று புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனேன். மேல் பெயின்ட் பெயர்ந்து அடியில் அலுமினியம் தெரிகிற மாதிரி. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் நிஜ விமானம் போலவே இருக்கிறது என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும், இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய பெரியவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தார். “ஏன் தம்பி, இது மரத்துல செஞ்ச விமானமாச்சே, வெள்ளி எங்கேருந்து வந்துது?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த குறிப்புத் தாளில் பெயின்ட் எண்கள் இருந்தன, எந்தத் துண்டு எங்கே ஒட்ட வேண்டும் என்று இருந்தது. விமானம் எதனால் ஆனது என்று ஒரு வரிகூட இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

முதலில் ‘டீட்டெயிலிங்’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் கிட்டைக் குறிப்புத் தாளில் உள்ளபடியே ஒட்டிப் பெயின்ட் அடித்தாலே ஒரு விமானம் கிடைத்துவிடும். அதற்கு மேல் நாம் செய்கிற எல்லாமே டீட்டெயிலிங்: தடிமனாக வார்க்கப்பட்டதை மெலிய வைப்பது, அடைபட்ட ஓட்டையைத் திறப்பது, விடுபட்டதைச் சேர்ப்பது, தவறாக இருப்பதைத் திருத்துவது. புதிதாக வருபவர்களுக்கு இதில் ‘சேர்ப்பது’ மட்டும்தான் கண்ணில் படும். கடையில் அதற்குத்தான் பொருள் விற்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் விமானங்களைப் பொறுத்தவரை பாதி வேலை நீக்குவதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி பெருக்கல். லா-5எஃப்என் விமானத்தின் இறக்கை அகலம் 9.8 மீட்டர். 1/48 அளவு மாடலில் அது சுமார் 20.4 சென்டிமீட்டர், 1/72 அளவில் 13.6 சென்டிமீட்டர். இதைத் திருப்பிப் போடுங்கள். 1/48 மாடலில் இறக்கையின் பின்விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், நிஜத்தில் அது 4.8 சென்டிமீட்டர். அதாவது கதவுப் பலகை. விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டும் ஒரு மில்லிமீட்டர் என்றால் அவர் செங்கல் தடிமனுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பறந்திருக்கிறார் என்று அர்த்தம். பேனல் கோடு, அதாவது தகட்டுக்குத் தகடு சேரும் இணைப்புக் கோடு, 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால் நிஜ விமானத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. விரலே நுழையும்.

மாடலில் ஏதோ பொம்மைத்தனம் தெரிகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இந்தத் தடிமன்தான். பின்விளிம்பை மெலிய வைக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இறக்கையின் மேல், கீழ் பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே, உட்பக்கத்தில் பின்விளிம்பை ஒட்டி 400 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வெளிப்பக்க வடிவம் அப்படியே இருக்கும், சேர்த்தால் விளிம்பு கத்தி போல வரும். வாயால் சொல்லும் அளவுக்கு எளிது, ஆனால் இறக்கையை ஒட்டிய பிறகு நினைவுக்கு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

விமானம் எதனால் ஆனது?

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1939-40இல் சோவியத் யூனியனில் புதிய போர்விமானங்களை வடிவமைத்தபோதே அலுமினியம் போதாது என்று தெரிந்திருந்தது. காடு இருந்தது, மரவேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அதனால் யாக்கோவ்லெவ், லாவோச்கின் ஆகியோரின் வடிவமைப்புக் குழுக்கள் மரத்தையும் எஃகுக் குழாயையும் துணியையும் வைத்துத் திட்டமிட்டன. 1941இல் ஜெர்மானியப் படை உள்ளே வந்ததும் ஜாபோரிஷியா அலுமினிய ஆலையைப் பிரித்து ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. பற்றாக்குறை இன்னும் முற்றியது. அமெரிக்காவும் பிரிட்டனும் விமானங்களை அலுமினியத் தகடும் ரிவெட்டுமாகச் செய்துகொண்டிருந்த காலத்தில் இங்கே தச்சுப் பட்டறைகள் போர்விமானம் செய்துகொண்டிருந்தன.

இதன் உச்சம் லாக்-3. 1940 மார்ச்சில் முதலில் பறந்த இந்த விமானத்தின் உடல், இறக்கை எல்லாமே மரம். முக்கியமான பாகங்களுக்கு ‘டெல்டா மரம்’ என்று ஒன்று பயன்படுத்தினார்கள்: பிர்ச் மரச் சீவல்களைப் பிசினில் தோய்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்கியது. பலமாக இருந்தது, கனமாகவும் இருந்தது. எஞ்சினுக்கோ அந்தக் கனத்தை இழுக்கத் தெம்பில்லை. விமானிகள் அதன் பெயரெழுத்துகளை ரஷ்ய மொழியில் விரித்து ‘வார்னிஷ் அடித்த, உத்தரவாதமுள்ள சவப்பெட்டி’ என்று சொன்னதாக ஒரு கேலி இன்றும் உலவுகிறது. அதே உடலில் ஷ்வெட்சோவ் குழுவின் 14 சிலிண்டர் கொண்ட எம்-82 எஞ்சினைப் பொருத்தியபோதுதான் 1942இல் லா-5 பிறந்தது. மூக்கு மாறியது, ஆள் மாறிவிட்டது. மரம் மட்டும் மாறவில்லை.

இந்த மரத்தின் மேல் என்ன நடந்தது என்பதுதான் மாடல் கட்டுகிறவருக்கு முக்கியம். ஒட்டுப்பலகையின் மேல் துணி ஒட்டினார்கள், பட்டி பார்த்தார்கள், தேய்த்தார்கள், அதன் மேல் பெயின்ட். நம் ஊரில் நல்ல கதவுக்கோ காருக்கோ பட்டி பார்ப்பது போலத்தான். முடிந்த பிறகு பலகைக்குப் பலகை இணைப்பு தெரியாது, ரிவெட் கிடையாது, மரத்தின் ரேகையும் தெரியாது. மரம் என்று கேள்விப்பட்டதும் சிலர் உற்சாகமாகி மாடலில் மர ரேகை வரைந்துவிடுவார்கள். அதுவும் வேண்டாம்.

ஆனால் கிட் தயாரிப்பாளர்கள் எல்லா விமானத்துக்கும் பழகிய கையோடு பேனல் கோடுகள் போட்டுவிடுவது உண்டு. வாங்குபவர்களும் கோடு இல்லாத இறக்கையைப் பார்த்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஆக, கிட்டை எடுத்ததும் முதல் வேலை, எந்த இடம் மரம், எது உலோகம், எது துணி என்று பென்சிலால் பிளாஸ்டிக் மேலேயே எழுதிவிடுவது. நான் ம, உ, து என்று எழுதுவேன்.

லாக்-3, லா-5 இரண்டுக்கும் இது எளிது. எஞ்சினை மூடும் மூடிகள் உலோகம். எய்லரான், எலிவேட்டர், ரட்டர் ஆகிய அசையும் பாகங்கள் உலோகச் சட்டத்தின் மேல் துணி. ஃப்ளாப்பும் சக்கரக் கதவுகளும் உலோகம். மீதி எல்லாம் மரம் என்று வைத்துக்கொள்ளலாம். லா-5எஃப்என், லா-7 ஆகியவற்றில் பின்னர் இறக்கையின் உள்ளே உலோக விட்டங்கள் வந்தன. அவை உள்ளே இருப்பவை, மாடலுக்குக் கவலையில்லை.

யாக்-1 கொஞ்சம் கலவையானது. உடல் எஃகுக் குழாய்களை வெல்டு செய்த கூடு. மூக்கிலிருந்து விமானி அறை வரை கழற்றி மாட்டும் அலுமினிய மூடிகள். பின்பாதியில் துணி போர்த்தியிருக்கும். ஆகவே ஒரே விமானத்தில் முன்னால் கூர்மையான பேனல் கோடுகளும் திருகாணிகளும், பின்னால் நீளவாக்கில் ஓடும் சட்டங்களின் மெல்லிய மேடும் தெரிய வேண்டும். இறக்கை ஒட்டுப்பலகை, வழவழவென்று. யாக்-9இல் இறக்கையின் உள் விட்டம் உலோகமானது, தோல் மரமாகவே இருந்தது. மிக்-3 இன்னும் விசித்திரம்: உடலின் முன்பாதி உலோகம், பின்பாதி மரம். இறக்கையின் நடுப்பகுதி உலோகம், வெளிப்பகுதிகள் மரம். அதாவது ஒரே இறக்கையில் பாதியில் ரிவெட் நின்றுவிடும். பழைய ஐ-16இன் உடல் மரச்சீவல்களை அச்சின் மேல் ஒட்டி எடுத்த ஓடு, இறக்கை உலோகச் சட்டம், முன்பக்கம் அலுமினியத் தகடு, பின்பக்கம் துணி.

நீக்கும் வேலை

‘ம’ என்று எழுதிய இடங்களிலுள்ள கோடுகளை அடைக்க வேண்டும். பாட்டிலில் வருகிற திரவப் பிரைமரைத் தூரிகையால் கோட்டுக்குள் ஓடவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, தண்ணீர் தொட்டு 1000 எண் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். ஒரே தடவையில் முடியாது. காயும்போது பிரைமர் உள்வாங்கும், இரண்டாம் சுற்று ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் பெயின்ட் அடித்த பிறகு கோட்டின் ஆவி மெல்ல எழுந்து வரும். எனக்கு வந்திருக்கிறது.

எல்லாக் கோட்டையும் அடைத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஊற்றும் வாய், இறக்கையின் நடுப்பகுதியும் வெளிப்பகுதியும் சேரும் இணைப்புப் பட்டை இவையெல்லாம் மர இறக்கையிலும் உண்டு. லா-5 இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் என்ற தானே திறந்துகொள்ளும் பட்டையும் இருக்கும், அதன் கோடு கண்டிப்பாக வேண்டும். சந்தேகமானால் நிஜ விமானத்தின் படத்தைப் பாருங்கள்.

துணி போர்த்திய பாகங்களில் பிரச்சினை வேறு. கிட்டுகளில் துணி பெரும்பாலும் பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு போல அமுங்கியிருக்கும். உண்மையில் துணிக்கு டோப் என்ற வார்னிஷ் பூசியதும் அது முரசுத் தோல் போல விறைத்துவிடும். சட்டம் இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய மேடு, அவ்வளவுதான். 600 எண் தாளால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.

இந்த இரண்டையும் செய்து முடித்தாலே மாடல் பக்கத்து அலமாரியில் இருக்கும் அமெரிக்க விமானத்திலிருந்து தனித்துத் தெரியும். இன்னும் போட்டோ எட்ச் என்னும் பித்தளைத் தகட்டுத் துண்டு ஒன்றுகூட வாங்கவில்லை, கவனியுங்கள்.

மூக்கு

மூக்கில் சேர்க்கும் வேலையும் திறக்கும் வேலையும் நிறைய உண்டு, செலவு குறைவு. யாக் விமானங்களில் 20 மில்லிமீட்டர் ஷ்வாக் பீரங்கி எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, புரொப்பெல்லரின் மையத்தின் வழியாகச் சுடும். ஆகவே ஸ்பின்னரின் (புரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பு மூடி) நுனியில் நிஜமாகவே ஓட்டை இருக்க வேண்டும். கிட்டில் அது பெரும்பாலும் ஒரு பள்ளம்தான். கைத்துளைப்பானில் மெல்லிய பிட் மாட்டி, முதலில் ஊசி முனையால் நடுவில் ஒரு குறி வைத்துவிட்டுத் துளையுங்கள். குறி வைக்காமல் துளைத்தால் பிட் வழுக்கி ஓரத்துக்குப் போகும், விமானத்துக்கு வாய் கோணிவிடும்.

இதைப் படித்த வேகத்தில் லா-5இன் மூக்கையும் துளைத்துவிடாதீர்கள்! அதில் எஞ்சின் வட்ட வடிவம், நடுவில் பீரங்கிக்கு இடமில்லை. அதன் இரண்டு ஷ்வாக் பீரங்கிகளும் எஞ்சின் மூடியின் மேல்பகுதியில், புரொப்பெல்லர் இலைகளுக்கு இடையே சுடும்படி ஒத்திசைக்கப்பட்டிருந்தன. ஸ்பின்னர் நுனியில் இருப்பது ஒரு கொக்கி. லாரியின் மேல் பொருத்திய நீண்ட தண்டை இதில் மாட்டிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவார்கள். அந்தக் கொக்கி கிட்டில் மழுங்கலாக இருந்தால் சின்ன பிளாஸ்டிக் சீவலால் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

புகைக்குழாய்களின் முனையைத் துளைப்பது அடுத்தது. அரை மில்லிமீட்டர் பிட், பொறுமை, உட்காரும் இடத்தில் நல்ல வெளிச்சம். ஒவ்வொரு குழாயிலும் சின்னப் பள்ளம் விழுந்தாலே போதும், உள்ளே கறுப்புப் பெயின்ட் விட்டால் ஆழமாகத் தெரியும். லா-5எஃப்என் என்றால் எஞ்சின் மூடியின் இருபுறமும் சாய்சதுரத்துக்குள் ‘ФН’ என்ற ரஷ்ய எழுத்துகள் கொண்ட சின்ன முத்திரையை மறக்க வேண்டாம். எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய எஞ்சின் என்பதற்கான அடையாளம் அது.

எஞ்சினுக்கு வயரிங் போடலாமா என்று எல்லாருக்கும் ஆசை வரும். கணக்குப் பாருங்கள்: 14 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக 28 கம்பிகள். மூடியைத் திறந்து காட்டப் போகிறீர்கள் என்றால் அந்த 28ம் அழகு. மூடிவிட்டால் லா-5இன் முகப்பில் ஸ்பின்னருக்குப் பின்னால் இருக்கும் குளிர்விப்புத் தகடுகள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒரு வாரம் உட்கார்ந்து கம்பி மாட்டி, மூடியை ஒட்டிய அன்று நான் அழாத குறை. கண்ணுக்குத் தெரியப்போவதில் மட்டும் நேரத்தைப் போடுங்கள்.

யாக்-1, யாக்-9 என்றால் மூக்குக்குக் கீழே எண்ணெய்க் குளிர்விப்பானும் வயிற்றுக்குக் கீழே தண்ணீர் ரேடியேட்டரும் இருக்கும். முன்வாயின் விளிம்பைச் சீவி மெலிதாக்கி, உள்ளே வலை வையுங்கள். டீ வடிகட்டி வலையை வெட்டி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதே பெருக்கல்தான்: அரை மில்லிமீட்டர் கண் 1/48இல் 2.4 சென்டிமீட்டர். அது ரேடியேட்டர் இல்லை, ஜன்னல் கம்பி. இங்கேதான் போட்டோ எட்ச் வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது.

போட்டோ எட்ச் என்பது அமிலத்தால் அரித்து எடுத்த மெல்லிய பித்தளைத் தகடு. ரெசின் பாகம் என்பது ரப்பர் அச்சில் வார்த்த, பிளாஸ்டிக்கைவிட நுணுக்கமான மாற்றுப் பாகம். இரண்டும் சாதாரண பிளாஸ்டிக் சிமெண்டில் ஒட்டாது. சிமெண்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குவதால்தான் ஒட்டுகிறது, பித்தளையும் ரெசினும் கரையாது. சூப்பர் க்ளூ வேண்டும், ஊசி முனையில் தொட்டு வைக்கும் அளவுக்குக் கொஞ்சமாக. ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரமாகத் தேயுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

விமானி அறையும் அதன் மூடியும்

1/48 அளவில் விமானி மூன்றரை சென்டிமீட்டர் உயரம். அவர் உட்காரும் இடத்தில் பார்வையாளரின் கண் போகும் இடங்கள் மூன்றோ நாலோதான்: இருக்கை, வார்ப்பட்டை, கருவிப் பலகை, குறிபார்க்கும் கருவி. வார்ப்பட்டைக்கு மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி, மடிப்பு விழும்படி வைத்தால் பித்தளையைவிடத் துணி மாதிரி இருக்கும். யாக்-1இல் எஃகுக் குழாய்க் கூட்டின் குறுக்குக் குழாய்கள் விமானியின் இருபுறமும் வெளிப்படையாகத் தெரியும். கிட்டில் அவை சுவரோடு ஒட்டிய மேடாக வந்திருந்தால், சீவிவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் கம்பியால் தனியாகக் கட்டிப்பாருங்கள். நிழல் விழுந்ததுமே அறைக்கு உயிர் வந்துவிடும். உட்புறச் சாம்பல் நிறத்தின் மேல் ‘வாஷ்’ எனப்படும் நீர்த்த அடர்நிறப் பெயின்ட்டை ஓட்டி, மேடுகளில் வெளிர்நிறத்தை லேசாகத் தடவினால் போதும்.

கண்ணாடிக் கூண்டைத் திறந்து வைக்கலாமா? வைக்கலாம், அதற்குச் சரித்திரமும் துணைநிற்கும். ஆரம்பகாலக் கூண்டுகளின் பிளாஸ்டிக் மங்கி மஞ்சளாகும். வேகமாகப் பறக்கும்போது திறப்பதும் கஷ்டம். அதனால் 1941-42இல் பல விமானிகள் திறந்தே பறந்தார்கள், சிலர் கழற்றியே விட்டார்கள். ஆனால் திறந்து வைத்தால் அந்த ஐந்து சென்டிமீட்டர் ‘செங்கல்’ விளிம்பு அப்பட்டமாகத் தெரியும். வெற்றிட முறையில் இழுத்த மெல்லிய மாற்றுக் கூண்டு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மூடி வைப்பதே மேல்.

ஏரியல் கம்பி ஒரு நல்ல பாடம். கிட்டில் துண்டுகள் கோத்து வரும் சட்டத்தை ஸ்ப்ரூ என்பார்கள். அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்து உருட்டுங்கள். பளபளத்துத் துவளத் தொடங்கியதும் சுடரிலிருந்து எடுத்து, ஒரு மூச்சு விட்டு, இரண்டு பக்கமும் சீராக இழுங்கள். தலைமுடி போன்ற இழை வரும். வேகமாக இழுத்தால் மெலிது, மெதுவாக இழுத்தால் தடிமன். ஒட்டிய பிறகு ஊதுபத்தியின் கங்கைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோனால் இழை தானே விறைத்துக்கொள்ளும். மிக அருகே போனால் அறுந்துவிடும், அதற்குத்தான் நாலு இழை கூடுதலாக இழுத்து வைப்பது.

சரி, இழுத்தாயிற்று. மாட்டும் முன் ஒரு கேள்வி: உங்கள் விமானத்தில் ரேடியோ இருந்ததா? போரின் தொடக்கத்தில் தயாரான யாக்-1கள் பல ரேடியோவே இல்லாமல் போனவை. பிறகும் சில காலம் தலைவரின் விமானத்தில் மட்டும் பேசும் கருவி, மற்றவர்களுக்குக் கேட்கும் கருவி மட்டும். ஆகவே 1941 விமானத்துக்கு ஏரியல் கம்பமே தேவையில்லாமல் போகலாம்.

இதனால்தான் ‘ஒரு யாக்-1’ என்று கட்டாமல் ‘இந்தப் படத்தில் உள்ள யாக்-1’ என்று கட்டச் சொல்கிறேன். போர் நடக்கும்போதே வடிவமைப்பு மாறிக்கொண்டிருந்தது. லாக்-3 மட்டும் 66 தொடர்களாக வந்தது, தொடருக்குத் தொடர் ஏதோ ஒன்று வேறு. ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து மேசைக்கு முன்னால் ஒட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நிறமும் தேய்மானமும்

போரின் முதல் பாதியில் மேல்பக்கம் பச்சையும் கறுப்பும் பட்டைகளாக, கீழ்ப்பக்கம் வெளிர்நீலம். பெயின்ட் பெட்டிகளில் ஏஎம்டி-4, ஏஎம்டி-6, ஏஎம்டி-7 என்று பார்ப்பது இவற்றைத்தான். 1943 கோடையில் போர்விமானங்களுக்கு ஏஎம்டி-11 என்ற நீலச் சாம்பலும் ஏஎம்டி-12 என்ற அடர்சாம்பலும் வந்தன. ஏஎம்டி வரிசை மரத்துக்கும் துணிக்கும் உரியது. உலோகப் பாகங்களுக்குத் தனியாக எண்ணெய் சார்ந்த பெயின்ட் அடித்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி வெளுக்காது. எஞ்சின் மூடியையும் உடலின் பின்பாதியையும் நூலிழை அளவு வேறு சாயலில் அடித்துப்பாருங்கள், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, கண் மட்டும் ஒப்புக்கொள்ளும்.

இப்போது அந்த வெள்ளிப் புள்ளி. ‘உ’ என்று எழுதிய இடங்களில் வையுங்கள்: எஞ்சின் மூடியின் திருகாணிகளைச் சுற்றி, மூடிகளின் ஓரம், சக்கரக் கதவு, புரொப்பெல்லர் இலை. அங்கேயும் கடுகளவு. ‘ம’ என்ற இடத்தில் பெயின்ட் தேய்ந்தால் அடியில் தெரிவது அடிப்பூச்சும் பட்டியும்தான், அதற்கு மங்கிய சாம்பலும் அழுக்கு மஞ்சளும் போதும். விமானியும் மெக்கானிக்கும் ஏறி இறங்கும் இறக்கை அடியில் பூட்ஸ் மண்.

மரம் தேய்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் போரிலேயே ஒரு கசப்பான சம்பவம் உண்டு. 1943 கோடையில், கூர்ஸ்க் சண்டைக்குச் சற்று முன், யாக்-9 விமானங்களின் இறக்கைத் தோல் வெடித்து உரியத் தொடங்கியது. மட்டமான பெயின்ட்டும் வார்னிஷும் மழை வெயிலுக்குத் தாங்கவில்லை, வெடிப்பு வழியே ஈரம் இறங்கித் துணியும் பலகையும் பிரிந்தன. யாக்கோவ்லெவை ஸ்டாலின் நேரில் அழைத்துக் கடுமையாகத் திட்டினார். பிறகு பழுதுபார்க்கும் குழுக்கள் முன்னணிக்குப் போய் இறக்கைகளைத் திரும்ப ஒட்டிக் கொடுத்தன. இந்த விமானங்களின் காயம் கீறலாக வராது, வெடிப்பாகவும் உரிதலாகவும் ஒட்டுப்போட்ட தடமாகவும் வரும். மாடலில் புதுப் பச்சை நிறத்தில் ஒரு செவ்வக ஒட்டு, ஓரம் லேசாக உயர்ந்து, அவ்வளவு போதும்.

பனிக்கால விமானம் கட்டுகிறவர்களுக்கு வேறு விருந்து. பச்சைக்கு மேல் கழுவிவிடக்கூடிய வெள்ளைச் சாயம் பூசினார்கள், சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குப் பலகைகூட மாட்டினார்கள். மாடலில் பச்சை அடித்துக் காயவிட்டு, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை ஒரு பூச்சு அடித்து, அதன் மேல் நீரில் கரையும் அக்ரிலிக் வெள்ளையை மெல்லியதாக அடியுங்கள். சிறிது நேரம் கழித்து ஈரத் தூரிகையால் தேய்த்தால் அடியிலுள்ள ஸ்ப்ரே கரைந்து வெள்ளை திட்டுத்திட்டாகக் கழன்று வரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கலை.

டிகால் எனப்படும் ஒட்டுப்படத்தை ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். சொரசொரப்பான பெயின்ட்டின் மேல் நேராக ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளையாக மின்னும். சோவியத் விமானங்களில் இது பெரிய தலைவலி, ஏனென்றால் பக்கவாட்டில் நீளமான வாசகங்கள் எழுதுவார்கள். 62 விமானங்களை வீழ்த்திய இவான் கோஷெதூப் ஒரு லா-5எஃப்என் ஓட்டினார். வாசிலி கோனெவ் என்ற தேனீ வளர்ப்பவர் தன் சேமிப்பைக் கொடுத்து வாங்கித் தந்த விமானம் அது, அதே பெயர் கொண்ட, போரில் இறந்த இன்னொரு கோனெவின், ஒரு விமானியின், பெயர் அதன் உடலில் எழுதப்பட்டிருந்தது. அத்தனை எழுத்துகளுக்கும் இடையிலுள்ள படலம் மறைந்தால்தான் அது எழுதியது போல இருக்கும், இல்லாவிட்டால் ஸ்டிக்கர். பளபளப்பு வார்னிஷ், டிகால், மென்மையாக்கும் திரவம், காய்ந்ததும் மங்கல் வார்னிஷ், இந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்னொன்று: 1941க்குப் பிறகு பெரும்பாலும் இறக்கையின் மேல்பக்கம் சிவப்பு நட்சத்திரம் இருக்காது, கீழ்ப்பக்கமும் உடலிலும் வாலிலும்தான். இடம் காலியாக இருக்கிறதே என்று ஒட்டிவிட வேண்டாம்.

எந்தக் கிட்டில் தொடங்குவது? ஸ்வெஸ்டாவின் 1/48 யாக்-3, யாக்-1பி, லா-5எஃப்என் மூன்றும் நல்ல தொடக்கம். அளவில் சிறியது வேண்டுமென்றால் ஆர்மா ஹாபியின் 1/72 யாக்-1பி. ஐசிஎம், எடுவார்ட், டிரம்பீட்டர் ஆகியோரும் ஐ-16, மிக்-3 போன்றவற்றைத் தருகிறார்கள். முதல் கிட்டுக்குக் கூடுதல் பாகம் எதுவும் வாங்காதீர்கள். பென்சில், 400, 600, 1000 எண் உப்புத்தாள்கள், திரவப் பிரைமர், கைத்துளைப்பான், அரை மில்லிமீட்டர் பிட் நாலைந்து. நாலைந்து எதற்கு என்றால், முதல் பிட் இரண்டாவது புகைக்குழாயிலேயே உடைந்துவிடும்.

அந்தப் பழைய லா-5 இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, வெள்ளிப் புள்ளிகளோடு. பக்கத்தில் இரண்டாவது லா-5, இறக்கையில் ஒரு கோடுகூட இல்லாமல். வருகிறவர்கள் இன்றும் முதலாவதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.